இருக்கிற வேலை

போன கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற என்னை ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து பேசச் சொன்னீர்கள். ஒலிவாங்கியைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். தேநீர் குடிக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்ட கடனைக் கட்ட முடியவில்லை என்று ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் சொல்கிறார். நீதிமன்றம் அவரை வங்குரோத்தானவர் என்று அறிவித்து, அவருடைய சொத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கிறது. பொறுப்பாளருக்காக வீடு வீடாகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது நம் வேலை. இருப்பதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பகிர்ந்து முடித்தபின், இனிப் பழைய கடன் உன்னைத் தொடராது என்று நீதிமன்றம் ஒருநாள் விடுவிப்புக் கொடுக்கும்.

அறிவிப்புக்கும் விடுவிப்புக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் அவர் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. யாரிடமும் கடன் கேட்கக் கூடாது. நீதிமன்றம் அனுமதித்த வீட்டுச் செலவுக்குள் சீவிக்க வேண்டும். எந்தப் பக்கத்தால் எது வந்தாலும் நம்மிடம் சொல்ல வேண்டும். இருப்பதெல்லாம் விற்றுப்போன பிறகும் மனிதரிடம் விற்பதற்கு ஏதோ ஒன்று மிஞ்சி இருக்கிறது என்பதை நான் தவராசாவின் விசயத்தில்தான் கண்டேன்.

தவராசா உரும்பிராய்க்காரர். சந்திக்குக் கிட்ட விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் கடை வைத்திருந்தார். தோட்டக்காரர் சாமானைக் கொண்டுபோய் விளைச்சலுக்குப் பிறகு காசு கொடுப்பார்கள். அவரும் அதை நம்பி மொத்த வியாபாரிகளிடம் கடனுக்கு எடுப்பார். லீசிங்கில் ஒரு லொறியும் எடுத்திருந்தார். அரசாங்கம் உர இறக்குமதியை நிறுத்தி உரம் இல்லாமல் போன அந்த வருடம் தோட்டங்கள் வெளிறிப்போய் நின்றன. தோட்டக்காரர் கொடுக்கவில்லை, கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு எல்லா விலையும் ஏறியது. கடை போனது, லொறி போனது. வீடு அவருடைய மனைவி புவனாவின் சீதனம் என்பதால் தப்பியது.

நான் பார்த்தவர்களில் அவரைப்போல ஒழுங்காக அந்தக் காலத்தைக் கடந்தவர் குறைவு. எரிவாயு அடுப்பை மூலையில் வைத்துவிட்டு, புவனா தென்னை மரத்தடியில் கொக்கரையும் பன்னாடையும் பொறுக்கி எரித்துச் சமைத்தார். மின்விசிறி போடுவதில்லை. காலையில் பாண் வாங்குவதை விட்டுவிட்டுப் பழஞ்சோறு சாப்பிட்டார்கள். கலியாண வீடுகளுக்குப் போவதில்லை, கையில் கொடுக்க ஒன்றும் இல்லை என்பதால். ஒருமுறை நான் போனபோது தவராசா வளவில் நின்ற முருங்கையைக் காட்டிக் கேட்டார்.

"மிஸ், உதிலை காய்க்கிறதை வித்தால் அதுவும் வருமானமோ?"

"சாப்பிட்டால் இல்லை. வித்தால் சொல்லுங்கோ."

"அப்ப சொல்லுறன்."

மாதாமாதம் சொன்னார். எத்தனை காய், யாரிடம் என்றும் சொன்னார். எனக்கே சில வேளை சங்கடமாக இருக்கும்.

அவரை வாட்டியது பசி அல்ல. ஊர் கோயிலில் ஒரு திருவிழா உபயம் அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அவர்களுடையது. அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததை அவரிடம் சொல்லக்கூட இல்லை. அவரிடம் கடன் வாங்கியவர்கள் வெட்கத்தில் விலகினார்கள். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கோபத்தில் விலகினார்கள். மற்றவர்கள் ஏன் விலகினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வாசலில் என்னை வழியனுப்பும்போது சொன்னார்:

"சந்தியிலை நிக்கிறன் மிஸ். ஆக்கள் எனக்குப் பின்னாலை இருக்கிற மதிலைப் பாத்துக்கொண்டு போயினம். ஒருக்கா நானே திரும்பிப் பாத்தன், அங்கை என்ன இருக்கெண்டு."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மதில் நினைவில் நின்றது.

சில மாதங்களின் பின் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அரியாலையில், கடல்நீரேரிப் பக்கமாக ஒரு பெரிய வீடு. மகாலிங்கம் என்ற போஸ்ற் மாஸ்ரர் கட்டியது. அவர் இறந்து சில வருடங்கள். அவருடைய மனைவியை மகள் வற்சலா கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வளவு கூட்டி, தண்ணீர் விட்டு, மாலையில் லைற் போட ஓர் ஆள் தேவை. சம்பளத்தை வற்சலா ஒரு உறவினர் மூலம் கொடுப்பார். தவராசா உடனே வந்து என்னிடம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அனுமதியும் கிடைத்தது. சைக்கிளில் போய்வந்தார்.

அடுத்த முறை அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு கேள்வி கொண்டுவந்தார்.

"மிஸ், உடுப்புத் தந்தால் அதையும் சொல்லவேணுமோ?"

"ஆர் தந்தது?"

"வற்சலாப் பிள்ளை. தகப்பன்ரை அலுமாரியைத் திறந்து எடுக்கச் சொன்னவா. வெள்ளைச் சறம், சால்வை. உடுத்துக்கொண்டு இருக்கவாம்."

"எங்கை இருக்க?"

"விறாந்தையிலை. ஐயாவின்ரை சாய்மனைக் கதிரையிலை."

பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன். விறாந்தையில் கள்ளருக்குப் பயந்து ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். கனடாவிலிருந்து போனில் பார்க்கலாம், அதன் வழியாகப் பேசவும் கேட்கவும் முடியும். ஒருநாள் மாலை தவராசா வளவு கூட்டிக் களைத்துப்போய் அந்தக் கதிரையில் கொஞ்சம் இருந்திருக்கிறார். அங்கே அப்போது காலை. மறதி நோய் வந்து, சில நாட்களாகச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்த தாய், மகளின் போனில் அதைப் பார்த்துவிட்டார். "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாராம். தவராசா திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார். தாய் அன்று ஒரு கோப்பை கஞ்சி முழுவதும் குடித்தாராம்.

"அதுக்குப் பிறகு பிள்ளை ஒவ்வொரு நாளும் பொழுதுபடுற மைம்மலிலை இருக்கச் சொல்லிக் கேட்டவா. கூடத் தாறன் எண்டவா. வேறை ஒண்டும் இல்லை, இருக்கிறதுதான் வேலை."

இதற்கு அறிக்கையில் எந்த இடத்தில் இடம் இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று அடுத்த நாளே போனேன்.

வீடு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. அதற்கு அப்பால் சேற்று நிலமும் நீரேரியும்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அறைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தவராசா உடுப்பு மாற்றப் போனார். திரும்பி வந்தவரைப் பார்த்ததும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எழும்பிய பிறகுதான் ஏன் எழும்பினேன் என்று யோசித்தேன். எண்ணெய் வைத்துப் பின்னால் வாரிய தலை, தோளில் சால்வை, ஒரு காலைச் சற்று இழுத்த நடை. நான் மகாலிங்கத்தை உயிரோடு கண்டதில்லை. ஆனாலும் ஒரு வயதுபோன உத்தியோகத்தரின் முன்னால் நிற்கிற உணர்வு வந்தது.

என்னைக் கமராவுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் கமராவில் ஒரு சிறிய நீல வெளிச்சம் வந்தது.

"இஞ்சாருங்கோ."

மெல்லிய, கரகரத்த குரல். தவராசா முகத்தை நிமிர்த்தினார்.

"கால் உளையுதோ இண்டைக்கும்?"

தலையாட்டினார்.

"பின்கதவு பூட்டினியளோ?"

தலையாட்டினார்.

"வற்சலா ரியூசனாலை வந்திட்டாளோ?"

அவர் கேற்றைத் திரும்பிப் பார்த்தார். யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். குரலுக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது வற்சலா. ஐம்பது வயது வற்சலா, தாய்க்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நீல வெளிச்சம் போனதும் கேட்டேன்.

"நீங்கள் கதைக்கிறேல்லையோ?"

"குரல் பிடிபட்டிடும். தலையை மட்டும் ஆட்டச் சொன்னவா."

"உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையோ?"

சால்வையை எடுத்து மடித்தார். "அந்த அம்மா நல்ல ஆள், மிஸ்" என்றார்.

அன்று அறிக்கையில் எழுதியது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம்: 'வீடு பார்த்தல். மாலையில் கமராவுக்கு முன்னால் இறந்த உரிமையாளரின் உடுப்பில் இருத்தல். இரண்டுக்கும் சம்பளம் உண்டு.' பொறுப்பாளர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'வீடு பார்த்தல்' என்று மட்டும் எழுதினால் என்ன என்று கேட்டார். கண்டதை எழுதுகிறேன் என்றேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு காலையில் புவனா அலுவலகத்துக்கு வந்தார். அவர் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. கதிரையின் நுனியில் இருந்தார்.

"மிஸ், நான் காசுப் பிரச்சினைக்கு வரேல்லை. இப்ப வீட்டிலை பால்மா கூட இருக்கு."

"பிறகென்ன?"

"இவர் கத்தரிக்காய் சாப்பிடுறேல்லை."

அவரே தொடர்ந்தார்.

"கத்தரிக்காய் இல்லாமல் சோறு தின்னாத மனிசன். இப்ப தட்டிலை ஒதுக்கி வைக்கிறார். கேட்டால், எனக்கு உது ஒத்துக்கொள்ளாது எண்டு உனக்குத் தெரியும்தானே பூமணி எண்டுறார். ஆர் பூமணி? வற்சலாவுக்குப் போன் எடுத்துக் கேட்டன். அவவின்ரை தாயின்ரை பேராம். தகப்பனுக்குக் கத்தரிக்காய் கிரந்தியாம். அதைத் தாய் அந்தக் கமராவுக்குள்ளாலை இவருக்குச் சொல்லியிருப்பா, இல்லையே?"

"சொல்லியிருப்பா."

"இரவிலையும் இப்ப அங்கைதான் படுக்கிறார். வீட்டை வந்தால் விருந்தாளி மாதிரி வாசலிலை நிக்கிறார். தண்ணிக் கோப்பை எங்கை இருக்கெண்டு கேக்கிறார். முந்தநாள் படலையைப் பாத்துக்கொண்டு, தந்தி ஏதும் வந்ததோ எண்டு கேட்டார். இப்ப ஆர் மிஸ் தந்தி அடிக்கினம்?" சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "காசு வருது. ஆள் வரேல்லை."

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. வருமானம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்றுதான் நம் படிவம் கேட்கும். அதற்காக அவர் எதைக் கொடுக்கிறார் என்று கேட்காது. நீங்கள் கேளுங்கள். காத்திருக்கிற மனிதருக்கு ஊரில் பெயர் தேய்ந்துபோயிருக்கும். அந்த நேரம் வேறொரு பெயரை நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்ளும்.

புவனாவிடம் அந்த வாரமே அவரோடு பேசுவதாகச் சொன்னேன். அதற்குள் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. தவராசாவுக்கு விடுவிப்புக் கொடுக்கக் கூடாது என்று லீசிங் கம்பனி ஆட்சேபித்திருந்தது. அரியாலையில் அவருக்கு மறைவான வீடு ஒன்று இருக்கிறது, அங்கே வெள்ளைச் சறம் சால்வையோடு ஐயா மாதிரிச் சாய்ந்திருக்கிறார், பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு. கம்பனி உத்தியோகத்தர் ஒருவரும் நானும் சேர்ந்து போய்ப் பார்த்து, தனித்தனியாக அறிக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டளை.

கம்பனிக்காரர் கோப்பாய்ப் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும். மரியாதையானவர், ஆனால் விட்டுக்கொடுக்காதவர். அவருடைய வான் வண்டியில் மத்தியானம் போனோம். மத்தியானத்தை நான்தான் சொன்னேன். கனடாவில் அது நடுச்சாமம். யாரும் பார்க்கமாட்டார்கள், தவராசா சாதாரணமாக வளவில் நிற்பார், நிம்மதியாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

கேற் திறந்திருந்தது. வெயில் முற்றத்து மணலில் கண்ணைக் கூசவைத்தது. காகம்கூட இல்லை. விறாந்தையில், சாய்மனைக் கதிரையில், வெள்ளைச் சறத்தோடும் சால்வையோடும் அவர் சாய்ந்திருந்தார். கமராவில் வெளிச்சம் இல்லை. யாரும் பார்க்கவில்லை. அவர் அப்படியே இருந்தார்.

கம்பனிக்காரர் படியில் ஏறி நின்றார்.

"தவராசா நீங்கள்தானே?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தவராசாவோ? உரும்பிராயிலை உரக்கடை வைச்சிருந்த பெடியனோ? அவன் இஞ்சை இல்லைத் தம்பி."

"அப்ப நீங்கள்?"

"மகாலிங்கம். போஸ்ற் மாஸ்ரர்."

குரல் தவராசாவின் குரல்தான். ஆனால் அவர் பேசும்போது வசனத்தின் கடைசியில் ஒருபோதும் அப்படி இழுத்ததில்லை. கம்பனிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். அதிகாரியிடம் பொய்ப்பெயர் சொன்ன ஒருவருக்கு எந்த நீதிபதியும் விடுவிப்புக் கொடுக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது நீல வெளிச்சம் வந்தது.

"இஞ்சாருங்கோ. ஆரோ கதைக்கிற சத்தம் கேக்குது. ஆர் வந்திருக்கினம்?"

இம்முறை அவர் தலையாட்டவில்லை. வாயைத் திறந்தார்.

"கந்தோர் உத்தியோகத்தர், பூமணி. நீ படு."

"வெயிலுக்குள்ளாலை வந்திருக்கினம். தேத்தண்ணி குடுங்கோ."

"ஓம் ஓம்."

பேசினால் குரல் பிடிபட்டுவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. கம்பனிக்காரரின் பேனா நின்றுவிட்டது. அவர் இரண்டு படி கீழே இறங்கியதை நான் கண்டேன்.

தவராசா என்று உரக்கக் கூப்பிட்டால், அங்கே நடுச்சாமத்தில் மகளின் போனை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக விழித்திருக்கிற ஒருத்தி தன் புருசன் செத்ததை அந்த நிமிடம் அறிவாள். கூப்பிடாவிட்டால், கொப்பியில் எழுதியது எழுதியதுதான். கமராவின் வயரைப் பிடுங்கலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பிடுங்கினால் கதிரையில் இருப்பவர் யாராக மிஞ்சுவார் என்று எனக்கு நிச்சயம் இருக்கவில்லை.

"ஐயா, கைகால் கழுவவேணும். கிணத்தடியை ஒருக்கா காட்டுறியளோ?" என்றேன்.

அவர் மரியாதையாக எழும்பினார். காலை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். வீட்டைச் சுற்றி, கமராவின் கண்ணுக்கு அப்பால் வந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கிணற்றடியில், தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரையில் யாரோ மிளகாய் நட்டிருந்தார்கள். இலையெல்லாம் சுருண்டிருந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அதைக் காட்டினேன்.

"உதுக்கு என்ன வருத்தம்?"

அவர் நின்றார். குனிந்து ஓர் இலையைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பினார். விரலால் தேய்த்தார். இன்னொரு கன்றுக்குப் போனார். அந்த இரண்டு அடிக்குள் கால் இழுபடவில்லை.

"பேன் பிடிச்சிருக்கு. சாறு முழுக்க உறிஞ்சிப்போட்டுது" என்றார். பிறகு எரிச்சலோடு, "ஆர் உப்பிடி நெருக்கி நட்டது? எந்தக் கடையிலை வாங்கின விதை? என்ரை கடையிலை எண்டால் உந்த விதையைக் குடுத்திருக்கமாட்டன்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

"ஓம் தவராசா. நீங்கள் குடுத்திருக்கமாட்டியள்" என்றேன், மெதுவாக.

அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். சறத்தின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மிஸ், இது என்ரை சறம் இல்லை."

"இல்லை."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். கம்பனிக்காரர் தானே துலாவை இழுத்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். தவராசா முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் விறாந்தைப் பக்கமிருந்து குரல் வந்தது. "இஞ்சாருங்கோ." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும், "இஞ்சாருங்கோ, அவை போயிட்டினமோ?"

அவர் எழும்பினார். போகத்தான் எழும்பினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். என் உத்தியோக காலத்தில் வேறு எந்த ஆணின் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. அவருடைய நாடி என் விரலுக்குள் ஓடியது. மூவரும் அந்த வெயிலில் நின்று, வெறும் விறாந்தையோடு ஒரு கிழவி பேசுவதைக் கேட்டோம். கேள்வி கேட்பார், நிறுத்துவார், பிறகு சரி என்பார். பதில் கிடைத்தவரைப்போலத்தான் பேசினார். கடைசியில் குரல் நின்றது.

தவராசா தன் சொந்த உடுப்பை உடுத்துக்கொண்டு சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனார். சறத்தையும் சால்வையையும் மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

வண்டியில் ஏறிய பிறகு கம்பனிக்காரர் நெடுநேரம் சாவியைத் திருப்பவில்லை.

"நான் என்னெண்டு எழுதிறது, மிஸ்?"

"கண்டதை எழுதுங்கோ. அவர் சொன்ன பேரையும் எழுதுங்கோ, நானும் எழுதுவன். கிணத்தடியிலை கேட்டதையும் எழுதுங்கோ. வீட்டு உறுதி ஆற்றை பேரிலை எண்டு காணிப் பதிவகத்திலை பாத்திட்டு எழுதுங்கோ."

"எழுதினால் நம்புவினமோ?"

"அது எங்கடை வேலை இல்லை."

அவர் முழுவதையும் எழுதினார். அதை அவருக்காக இங்கே சொல்ல வேண்டும். தன் கம்பனிக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் எழுதினார். என் பழைய அறிக்கையும், அந்த விசித்திரமான வசனத்தோடு, வழக்குக் கோவையில் இருந்தது. சம்பளம் ஒன்றையும் அவர் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 'வீடு பார்த்தல்' என்று மட்டும் எழுதியிருந்தால், அன்று அவருக்காகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

விசாரணை நாளில் நீதிபதி இரண்டு அறிக்கைகளையும் வாசித்துவிட்டுத் தவராசாவைப் பார்த்தார். ஏன் வேறு பெயர் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"ஐயா, ஊரிலை எல்லாரும் என்னைக் காணாத மாதிரிப் போன காலம் அது," என்றார் தவராசா. "அங்கை ஒராள் ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டவா. கால் உளையுதோ எண்டு கேட்டவா. நான் அந்தக் கேள்விக்காகத்தான் போனது. சம்பளத்துக்கெண்டு தொடங்கினதுதான், ஆனால் பிறகு அப்பிடி இல்லை. எப்ப மாறினது எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஆட்சேபம் தள்ளுபடியானது. அடுத்த தவணையில் விடுவிப்புக் கிடைத்தது. இப்போது அவரும் புவனாவும் வீட்டு வளவில் நாற்று வளர்த்து விற்கிறார்கள். கடனுக்குக் கொடுப்பதில்லை. கத்தரி நாற்றுக்கு நல்ல பெயர்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன்.

விடுவிப்புக் கிடைத்துச் சில நாட்களின் பின் வற்சலா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நல்ல பண்பான குரல். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். தவராசா அண்ணைக்குத் தான் கெடுதல் நினைக்கவில்லை என்றார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். தாயைப் பற்றி விசாரித்தேன்.

"அம்மா இப்ப கதிரையைப் பாக்கிறேல்லை மிஸ். கேற்றைப் பாத்துக்கொண்டிருக்கிறா. சாப்பாடு திரும்ப நிண்டு போச்சு. அதுதான் உங்களை ஒண்டு கேப்பம் எண்டு எடுத்தனான். உங்களிட்டை உப்பிடிக் காத்திருக்கிற ஆக்கள் வேறையும் இருப்பினம்தானே? கொஞ்சம் மெலிஞ்ச ஆம்பிளையாளாய் இருந்தால் காணும். முகம் பரவாயில்லை. நான் நல்லாக் குடுப்பன்."

நான் மறுத்தேன். சட்டத்தைச் சொல்லி மறுத்தேன், பிறகு சட்டத்தைச் சொல்லாமலும் மறுத்தேன். அவர் கோபிக்கவில்லை.

"ஓம், விளங்குது. நான் வேறை வழியிலை பாக்கிறன்" என்று சொல்லி வைத்தார்.

சில வாரங்கள் போயின. அரியாலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மைம்மல் ஆகிவிட்டது. அந்த ஒழுங்கையால் நடந்தேன். போகத் தேவையில்லை, ஆனாலும் போனேன். விறாந்தையில் லைற் எரிந்தது. சாய்மனைக் கதிரையில் வெள்ளைச் சறத்தோடு ஒருவர் இருந்தார். தூணின் நிழல் விழுந்து முகம் தெரியவில்லை. தலை மெல்ல ஆடியது, பிறகு கேற்றின் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னால் வரும் யாரையாவது பார்த்தாரா என்று சொல்லமுடியாது. கேற்றுக்கு வெளியே நின்றபடியே புவனாவுக்குப் போன் எடுத்தேன். "இவர் இஞ்சை நாத்துக்குத் தண்ணி விடுறார் மிஸ். ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் காலை அலுவலகம் திறந்ததும், அப்போது விடுவிப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் நானே தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "ஓம் மிஸ்" என்பார்கள். சுகம் விசாரித்துவிட்டு வைப்பேன். உடுப்பிட்டியில் முன்பு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும், பெயரைச் சொன்னதும் பேசாமல் இருந்தார். திரும்பவும் சொன்னேன்.

"ஆரைக் கேக்கிறியள்?" என்றார், மிக மரியாதையாக, வசனத்தின் கடைசியை இழுத்து.

கைப்பையை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.